ஒன்று புள்ளி ஆறு

நீடாமங்கலத்தில் மழை விட்டும் விடாத ஐப்பசி மதியம்.
அரிசி ஆலையின் எடைமேடை அறையில்
நானூற்று எண்பத்தாறின் மூடியைக் கழற்றி
மடியில் வைத்திருக்கிறேன்.
உள்ளே உமி. உமிக்கடியில் ஒரு பல்லி முட்டை ஓடு.
அதற்கும் கீழே ஐந்நூற்று நாற்பது எம்பி ஹார்ட் டிஸ்க்,
மூன்று நாளாகக்
கரக் கரக்கென்று தொண்டையைச் செருமிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் நிற்கிறது.

புது கம்ப்யூட்டர் வாங்கலாமே என்று நானும் கேட்டேன்.
மேடையின் கம்பி வந்து சேரும் அட்டைக்கு
இப்போதைய எந்த மெஷினிலும் பொருந்த இடமில்லை.
புரோகிராம் எழுதியவர் மஸ்கட் போய்ப் பதினெட்டு வருஷம்.
"நெல்லு காத்திருக்காதுங்க" என்றார் சிங்காரவடிவேலு.
வெளியே பதினோரு லாரி,
தார்ப்பாய்க்குள் பதினேழு சதம் ஈரம்.

முதலில் செருகியது கும்பகோணத்தில் வாங்கிய மலிவு கார்டு,
கேமராவுக்கென்று பிறந்தது.
உறையில் அச்சடித்திருந்தது: நொடிக்குத் தொண்ணூறு எம்பி.
சோதித்தேன்.
திரையில் வந்தது ஒன்று புள்ளி ஆறு.

சிரிக்காதீர்கள்.
மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தால் என்ன,
மூணாறு தலைப்பில் எவ்வளவு பிரித்து விட்டால் என்ன,
கடைமடை வயலுக்கு மதகு ஒரு முழம் என்றால்
ஒரு முழத் தண்ணீர்தான்.
அந்தக் காலத்து பஸ், எட்டு மெகாஹெர்ட்ஸ், பதினாறு பிட்,
அதற்கு மேல் வாய் திறக்காது.
நாலு ஜிபி கார்டில்
ஐந்நூற்று நாலு எம்பியோடு எண்ணுவதை
நிறுத்திவிட்டது பயாஸ்.
மிச்சமெல்லாம் தரிசு.

அதுகூடப் பரவாயில்லை.
படிக்கும்போது பாய்ந்த கார்டு
எழுதும்போது மாட்டிக்கொண்டது.
ஒரு லாரிக்கு ஒரு வரி, அரை கேபிகூட இல்லை;
அந்த வரிக்காக ஒரு முழுக் கட்டத்தையே அழித்து
மறுபடி நிரப்பி
சில சமயம் முக்கால் நொடி மூச்சடக்கும்.
ஒரு மூட்டை வைக்கக் கிடங்கையே காலிசெய்து அடுக்குகிற ஆளை
யார் வேலைக்கு வைப்பார்கள்?
கழற்றிப் பையில் போட்டேன்.

இரண்டாவது தொழிற்சாலை ரகம். விலை ஆறு மடங்கு.
வேகம் அதே ஒன்று புள்ளி ஆறு.
ஆனால் தேடுகிற நேரம்
பழையதில் பதினான்கு மில்லி நொடி,
இதில் ஒன்றுகூட இல்லை.
தட்டில்லை, முள்ளில்லை,
சுற்றி வரட்டும் என்று நிற்பதில்லை.
பதினோரு நிமிஷம் ஓடிய நாள் கணக்கு
இரண்டு நிமிஷம் நாற்பது நொடியில் முடிந்தது.
பில்லில் அதை எழுதிக்கொண்டேன், கொஞ்சம் பெரிதாகவே.

மறுநாள் போன். பௌசியா,
கூத்தாநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து
ஒன்பது வருஷமாக அந்த கீபோர்டை அடிப்பவர்.
"ஒவ்வொரு லாரியும் ரெண்டு தடவ விழுது சார்."

போனேன். கார்டைப் பார்க்கவில்லை, அவர் விரலைப் பார்த்தேன்.
என்டர் தட்டினார்.
தலையைச் சாய்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
மறுபடி தட்டினார்.

ஒன்பது வருஷமும் காதால்தான் சேமித்திருக்கிறார்.
கரக் வந்தால் எடை உள்ளே போயிற்று.
நான் எடுத்த அளவுகளில்
அதற்கென்று ஒரு வரி இல்லை.

சின்ன ரிலே ஒன்று வைத்தால்
எழுதும்போதெல்லாம் டக்கென்னும், வைக்கட்டுமா என்றேன்.
யோசித்தார்.
"வேல செய்யிறது ஒண்ணு, சத்தம் போடுறது இன்னொண்ணா?
வேணாம். அந்தச் செவப்பு லைட்ட
எம் மேசைக்குக் கொண்டாந்துடுங்க."

நாலு மீட்டர் ஒயர்.
சுவரோரம் ஆணியடித்து இழுத்து
டீ கிளாஸுக்கும் சீட்டுப் புத்தகத்துக்கும் நடுவில்
அந்த மிளகளவு விளக்கை டேப்பால் ஒட்டினேன்.
பாமணியாற்றுப் பக்கமிருந்து மறுபடி தூறல்.
ஒரு லாரி மேடையேறி, ஆடி, அடங்கியது.

என்டர்.

இமைப்பதற்குள் எரிந்து அணைந்தது.
"அவ்வளவுதானா?" என்று என்னைப் பார்த்தார்.
இன்னொரு முறை தட்டப் போன விரலைத்
தூக்கியபடியே வைத்திருந்தார் சற்று நேரம்.
பிறகு அதே விரலால்
டிரைவரைப் போகச் சொன்னார்.